ஃபெசன்ட் சோடிக்கு ஒரு மலிவுக் கத்தி

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நார்ஃபோக் கிராமங்களில் அக்டோபர் முதல் தேதி ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைக் காலம் ஆரம்பிக்கிறது. பிப்ரவரி முதல் தேதி வரை நீளும். செங்கால் கவுதாரிக்கு ஒரு மாதம் முன்னதாக, செப்டம்பர் முதல் தேதியே தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது என்று 1831இல் போட்ட சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் மூன்று கோடி ஃபெசன்ட்டுகளைப் பண்ணையில் வளர்த்து வேட்டைக்காக வெளியே விடுகிறார்கள். அதனால் சீசனில் இந்தப் பறவைக்குப் பெரிய விலை கிடையாது. வேட்டை நாளில் புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடும் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலியோடு ஒரு சோடி கொடுத்தனுப்புவது வழக்கம். அவர்கள் வீட்டில் மிஞ்சுவது அக்கம்பக்கத்துக்கு வந்து சேரும். எங்கள் வீட்டு வாசலுக்கும் அப்படித்தான் வருகிறது. சேவல் ஒன்று, பெட்டை ஒன்று. கழுத்தில் சணல் கயிறு, உடம்பு முழுக்க இறகு, உள்ளே குடல் எல்லாம் அப்படியே.

மயில், காட்டுக்கோழி, காடை, கவுதாரி எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துப் பறவைதான் ஃபெசன்ட். சேவல் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், பெட்டை ஒரு கிலோ பக்கம். கோழிக்கடையில் நின்று "அண்ணே, சின்னதா போடுங்க" என்று சொல்லி வாங்கியே பழகியவர்களுக்கு, முழுப் பறவை கையில் வந்ததும் முதல் கேள்வி எந்தக் கத்தியை எடுப்பது என்பதுதான். இணையத்தில் தேடினால் மான் கொம்புப் பிடி போட்ட, நூறு பவுண்டுக்குப் போகும் பறவைக் கத்திகள் வந்து நிற்கும். அவ்வளவு தேவையில்லை. நான் சில சீசன்களாகப் புழங்கிக்கொண்டிருக்கும் கத்தி ஏறக்குறைய ஆறு பவுண்டு. அதை ஏன் தேர்ந்தெடுத்தேன், வாங்கிய பிறகு அதில் என்னென்ன மாற்றினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வெட்டுக்கத்தியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். எலும்போடு துண்டு போட்டுக் குழம்பு வைப்பது நம் கைப்பழக்கம். பிராய்லர் கோழிக்கு அது சரி. ஆறேழு வாரக் கோழியின் எலும்பு இளசாக இருக்கும், ஒரே போடில் துண்டாகும். ஃபெசன்ட் அப்படி இல்லை. காட்டில் ஓடித் திரிந்து காலெலும்பு இறுகியிருக்கும். வெட்டுக்கத்தியால் போட்டால் நீளவாக்கில் பிளந்து ஊசி ஊசியாகச் சிதறும். குண்டு பட்ட இடத்தில் எலும்பு ஏற்கெனவே நொறுங்கியும் கிடக்கும். இங்கே பரவலாகப் புழங்கும் ஆறாம் எண் குண்டு ஒவ்வொன்றும் சுமார் 2.6 மில்லிமீட்டர் விட்டம். மிளகைவிடச் சிறிய அந்த ஈயமும் எலும்புச் சிம்பும் குழம்புக்குள் போய்விட்டால், பிறகு தேடிப் பிடிக்க முடியாது, பல்லுக்குத்தான் அகப்படும். ஆகவே இந்தப் பறவையை மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும், கறியை எலும்பிலிருந்து வழித்து எடுக்க வேண்டும், குண்டு போன வழியைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாமே கத்தி முனையால் ஆகிற வேலை. எலும்பை நறுக்கியே ஆக வேண்டிய இடங்கள் கொஞ்சம் உண்டு. இறக்கை முனை, கழுத்து, முதுகெலும்பு. அவற்றைக் கத்தரிக்கோலிடம் விட்டுவிட்டால், கத்திக்கு எலும்போடு சண்டையே கிடையாது. சண்டை இல்லாத கத்தி தடிமனாக இருக்க வேண்டியதில்லை, விலை உயர்ந்த இரும்பாகவும் இருக்க வேண்டியதில்லை. மலிவுக் கத்தி போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்த யோசனைக்கு வழிகாட்டியவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர். வேட்டைக்காடு ஒன்றில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் இருப்பது ஒரு பழைய சமையலறைக் கத்தி. பல வருடம் தீட்டித் தீட்டி அதன் அகலம் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்துபோயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஃபெசன்ட்டை அவர் பிரிப்பதைப் பார்த்தால், கத்தி எங்கேயும் தட்டுவதில்லை, எங்கேயும் அழுத்துவதில்லை. தோலைத் தொடுகிறது, மூட்டைத் தேடுகிறது, வெளியே வருகிறது. கத்தி குறுகலாக, மெல்லியதாக, நுனி கண்ணுக்குத் தெரிகிற நீளத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வாங்குவதற்கு முன் சில கத்திகளை இரவல் வாங்கியும், வீட்டில் கிடந்ததை எடுத்தும் பறவை மேல் வைத்துப் பார்த்தேன். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் எல்லாரும் பரிந்துரைக்கும் மலிவுக் கத்தி. பதினைந்து இருபது பவுண்டுக்குள் கிடைக்கும். அலகு சுமார் பத்தரை சென்டிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டர். ஈரக் கையில் அதன் ரப்பர் பிடி போல உட்காரும் பிடியை நான் இந்த விலையில் பார்த்ததில்லை. மரம் சீவ, மீன் அறுக்க, தோட்ட வேலை செய்ய அருமையான கத்தி. ஃபெசன்ட்டின் கழுத்தடியில் கவண் வடிவில் இருக்கும் கவட்டெலும்பைச் சுற்றி நெஞ்சுக்கறிக்குள் முனையை விடும்போது மட்டும் அந்தக் கனம் கறியை அகட்டுகிறது. முயலுக்கும் மானுக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். பறவைக்கு இதைவிட மெல்லியது வேண்டும்.

பிரான்சின் ஓப்பினெல் மடக்குக் கத்தி எனக்கு மிகவும் பிடித்த பொருள். 1890இல் சவுவா மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் செய்ய ஆரம்பித்த அதே வடிவம், பீச் மரப் பிடி. 1955இல் அதில் பூட்டு வளையம் சேர்ந்தது. எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர், மெல்லியது, அற்புதமாகக் கூர் ஏறும். வெட்டும் வேலைக்கு அது பொருத்தம்தான். ஆனால் எந்த மடக்குக் கத்தியிலும் அலகு மடங்கி உட்காரும் பள்ளம் ஒன்று இருக்கும். இரத்தமும் கொழுப்பும் இறகுத் தூளும் அதற்குள் போய் உட்காரும். குடல் வேலைக்குப் பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். மரப் பிடியை அப்படி ஊறவைத்துக் கழுவ மனம் வரவில்லை. குடல் வேலை செய்யும் கத்தி ஒரே துண்டாக, பள்ளமும் இடுக்கும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பதினைந்து சென்டிமீட்டர் எலும்பு நீக்கும் கத்தியும் பார்த்தேன். கறிக்கடைக்காரர்களின் அன்றாடக் கத்தி அது. ஆட்டுத் தொடைக்கு நல்லது. ஃபெசன்ட்டின் வயிற்றுக்குள் விட்டால் முனை எங்கே இருக்கிறதென்று தெரியாது, குடலைக் குத்திவிடும். பல் வைத்த கத்தி தோலைக் கிழிக்கும், வீட்டில் தீட்டுவதும் சிரமம். பீங்கான் கத்தி எலும்பில் பட்டால் சில்லு தெறிக்கும். முதுகில் கொக்கி வைத்த வேட்டைக் கத்திகள் மானின் வயிற்றுத் தோலுக்கு ஆனவை. பறவையில் அந்தக் கொக்கிக்கு வேலையே இல்லை.

கடைசியில் தங்கியது விக்டோரிநாக்ஸ் எட்டு சென்டிமீட்டர் சிறு கத்தி. காய் நறுக்க, பழத் தோல் சீவ என்று விற்கிறார்களே, அதுதான். நேரான வாய், கூர் முனை, பிளாஸ்டிக் பிடி. பிடித்திருக்கும் கையின் ஆட்காட்டி விரலை அலகின் முதுகில் நீட்டி வைத்தால் விரல் நுனி கிட்டத்தட்டக் கத்தி நுனிக்குப் போய்விடும். பார்வைக்கு எட்டாத இடத்திலும் முனை எங்கே நிற்கிறது என்பதை விரலே சொல்லும். அலகின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இரும்பு மிதமான கடினம்தான், ராக்வெல் அளவில் 55, 56 பக்கம். விலை உயர்ந்த ஜப்பானியக் கத்திகள் 60ஐத் தாண்டும், நீண்ட நாள் கூர் நிற்கும், ஆனால் எலும்பில் இடறினால் வாய் உடையும். இது உடையாது, மடங்கும். மடங்கிய வாயைச் சாணைக்கோலில் இரண்டு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். பறவை வேலைக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

நிறத்தையும் யோசித்து வாங்குங்கள். கறுப்புப் பிடி வேண்டாம். செய்தித்தாள் விரித்து, மேலே இறகுக் குவியல், அதன் மேல் குடல், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போடுவோம். கறுப்புக் கத்தி அந்தச் சுருட்டலோடு போய்விடும். சிவப்போ மஞ்சளோ இருந்தால் கண்ணில் படும். இன்னொரு லாபமும் உண்டு. சிவப்புப் பிடி பச்சைக் கறிக்கு மட்டும், வேறு நிறம் காய்கறிக்கு என்று பிரித்துவிட்டால், வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

இனி கத்தியில் செய்த மாற்றங்கள்.

பிடி வழவழப்பாக இருந்தது. கொழுப்புப் பட்ட கையில் அது நிற்காது. நூல் சுற்றலாம், சைக்கிள் டியூப் மாட்டலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. எதைச் சுற்றினாலும் அதன் அடியில் இரத்தம் போய் நாறும். அதற்குப் பதிலாக 120ஆம் எண் உப்புத்தாளை எடுத்து, பிடியைக் குறுக்கு வாட்டில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். பளபளப்பு போய் மங்கிவிடும். அந்த நுண்ணிய வரிகளில் விரல் நன்றாகப் பிடிக்கும், பிரஷ் போட்டால் அழுக்கும் போய்விடும். நீளவாக்கில் தேய்க்க வேண்டாம். கை வழுக்கும் திசையும் அதுதான்.

அலகின் முதுகு விளிம்பு சதுரமாக, கூராக இருந்தது. ஆட்காட்டி விரல் அழுந்துகிற இடம் அது. ஒரு பறவை முடிவதற்குள் விரலில் கோடு விழும். வாயின் மேல் மறைப்பு நாடாவை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, முதுகை 240, பிறகு 400ஆம் எண் உப்புத்தாளால் உருட்டினேன். பிடியை ஒட்டி அலகு முடிகிற அடிமூலையும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. கத்தியைப் பின்னால் இழுக்கும்போது அந்த மூலை சவ்விலும் தோலிலும் மாட்டும். வைர அரத்தால் அந்த மூலையை மழுக்கினேன். சின்ன வேலை. ஆனால் பலன் பெரியது. கத்தி இப்போது உள்ளே போகிற மாதிரியே வெளியேயும் வருகிறது.

முனையை மழுக்கிவிட்டால் குடல் குத்தாது என்று சிலர் சொல்வார்கள். நான் முனையைத் தொடவில்லை. கவட்டெலும்பைச் சுற்றிக் கீறவும், குண்டைக் கெல்லி எடுக்கவும் அந்தக் கூர் முனை வேண்டும். குடல் குத்தாமல் பார்த்துக்கொள்வது கை செய்ய வேண்டிய வேலை. வாயை மேல் நோக்கித் திருப்பி, முனைக்குப் பின்னால் விரலைக் காவலாக வைத்து, தோலை உள்ளிருந்து வெளியே அறுத்தால் குத்தவே குத்தாது.

தீட்டும் கோணத்துக்கு நாணயங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். என் கத்தியின் அகலம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பக்கத்துக்குப் பதினைந்து, பதினாறு பாகை வேண்டுமென்றால் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். ஒரு பென்னி நாணயத்தின் கனம் 1.65 மில்லிமீட்டர். மூன்றை அடுக்கினால் கணக்குச் சரியாக வரும். நாணய அடுக்கின் மேல் முதுகைச் சாய்த்து, அந்தச் சரிவைக் கை மனப்பாடம் செய்த பிறகு நாணயத்தை எடுத்துவிடலாம். 1000ஆம் எண் தண்ணீர்க் கல்லில் ஒரு பக்கம் முழுக்கத் தீட்டி, மறுபக்கம் விரலில் பிசிறு தட்டுப்படுகிறவரை விடாமல் தேய்த்து, பிறகு திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும். கல் இல்லாதவர்கள் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 1000, 2000ஆம் எண் ஈர உப்புத்தாளை ஒட்டியும் செய்யலாம், இதே கூர் வரும். நுனியின் கடைசி ஒரு சென்டிமீட்டரை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இருபது பாகை அளவில் நாலைந்து தடவை இழுத்துவிட்டேன். எலும்பைத் தொடுகிற இடம் அதுதான். அங்கே வாய் கொஞ்சம் மொத்தமாக இருந்தால் நீடிக்கும். முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்தேன். செய்தித்தாள் விளிம்பில் வைத்து இழுத்தால் சத்தமில்லாமல் அறுக்க வேண்டும். அதற்கு மேல் கூர் தேவையில்லை.

வேலைக்கு நடுவில் கூர் தளர்ந்தால் கல்லைத் தேடிப் போக வேண்டாம். பீங்கான் குவளையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் இருக்கும். அதில் இரண்டு பக்கமும் மென்மையாக நாலு இழுப்பு இழுத்தால் போதும். பிறகு குவளையையும் சோப்பு போட்டுக் கழுவி வையுங்கள்.

உறையை 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் செய்தேன், மின்கம்பி இழுக்கச் சுவரில் பதிக்கிற குழாய். பத்து சென்டிமீட்டருக்கு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகும். அடுப்புத் தீயில் நேராகக் காட்டக் கூடாது. பிவிசி கருகினால் வரும் புகை நச்சு. இளகியதை இடுக்கியால் எடுத்து, கத்தியைவிடக் கொஞ்சம் அகலமான அட்டைத் துண்டை உள்ளே விட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றினால் தட்டையாக இறுகிவிடும். இரண்டு பக்கமும் திறந்தே விட்டேன். தண்ணீர் தங்காது, புட்டி கழுவும் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்க்கலாம். அலகின் அடி கொஞ்சம் இறுக்கமாக உட்காரும்படி மேல்வாயை மட்டும் மறுபடி வெந்நீரில் காட்டி அழுத்திவிட்டேன். இழுப்பறைக்குள் கை விடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் உறை இல்லாமல் இந்தக் கத்தியை வைக்கக் கூடாது.

கத்தரிக்கோல் பற்றிய கணக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பறவைக் கத்தரி என்று தனியாக விற்பதை வாங்கலாம், வளைந்த அலகும் எலும்பு மாட்டிக்கொள்ள ஒரு பள்ளமும் இருக்கும். வாங்கும்போது இரண்டு அலகும் கழன்று தனித்தனியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள், கழன்றால்தான் திருகாணி இடுக்கைக் கழுவ முடியும். ரோஜாச் செடி கவாத்து செய்கிற கத்தரி ஒன்றைப் புதிதாக வாங்கி, தோட்டத்துப் பக்கமே போகாமல் சமையலறைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர்களும் இங்கே நிறைய. எலும்பு வெட்ட அதன் நெம்புபலம் நன்றாகவே இருக்கிறது. கத்தியையும் கத்தரியையும் சேர்த்து இருபது பவுண்டுக்குள் முடிந்துவிடும். கையில் அதற்கு மேல் காசு இருந்தால் நல்ல கல் வாங்குங்கள், இன்னொரு கத்தி வேண்டாம்.

பறவை மேல் இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். வந்த சோடியைக் குளிர்ந்த கொட்டகையில் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன். சில நாள் தொங்கினால் கறி இளகி வாசம் கூடும். அக்டோபரில் வெயில் இருந்தால் இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை, ஜனவரிக் குளிரில் ஒரு வாரம்கூட விடலாம். பிறகு நெஞ்சு இறகைக் கையாலேயே பிடுங்குகிறேன். குழம்புக்கு என்றால் பிடுங்குவதே இல்லை, நெஞ்சுத் தோலை விரலால் கிள்ளிக் கிழித்து இறகோடு சேர்த்து உரித்துவிடலாம். ஃபெசன்ட் தோல் அவ்வளவு சுலபமாகக் கழன்று வரும். இறக்கைகளை முழங்கை மூட்டில் கத்தரியால் எடுத்துவிட வேண்டும்.

கால்தான் கத்தியின் முதல் பரீட்சை. செதில் முடிந்து இறகு தொடங்குகிற மூட்டைச் சுற்றித் தோலை மட்டும் வட்டமாகக் கீற வேண்டும். உள்ளே தசைநாண்கள் கம்பி கம்பியாக ஓடும், வயதான சேவலில் அவை எலும்பாகவே இறுகியிருக்கும். அவற்றை அறுத்துவிட்டால் எல்லாம் கால் கறிக்குள்ளேயே தங்கிவிடும், கடித்தால் பல்லில் குத்தும். தோலை மட்டும் கீறி, மூட்டைப் பின்பக்கமாக மடக்கி முறித்து, பாதத்தை முறுக்கி இழுத்தால் தசைநாண்கள் கொத்தாகப் பாதத்தோடு வெளியே வரும். தோலுக்கும் தசைநாணுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மெல்லிய அலகும், முதுகில் நீட்டிய விரலும் இந்த இடத்தில்தான் தங்கள் மதிப்பைக் காட்டும்.

அடுத்து கழுத்து. கழுத்துத் தோலைப் பின்பக்கமாகக் கீறினால் முன்னால் தீனிப்பை இருக்கும், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய பை. உள்ளே கோதுமை, மக்காச்சோளம், சில சமயம் ஓக் மரக் கொட்டை. கிழியாமல் விரலாலேயே பிரித்து எடுக்க வேண்டும், கத்தி இங்கே வேண்டாம். பிறகு மலத்துவாரத்துக்கும் மார்பெலும்பு நுனிக்கும் நடுவில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு, முன்பு சொன்னபடி வாயை மேலே திருப்பி ஒரு கீறல். விரலை விட்டு மேல்புறமாகத் தடவிக்கொண்டே போனால் கெட்டியாக அரைவைப்பை தட்டுப்படும். அதைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையை ஈரலின் ஓரத்தையும் சேர்த்து வெட்டி எறியுங்கள், உடைந்தால் கசப்பு எங்கும் ஏறும். காட்டுப்புறாவில் இந்தக் கவலை இல்லை. புறாவுக்குப் பித்தப்பையே கிடையாது.

கவட்டெலும்பை முதலிலேயே எடுத்துவிடுவது நல்ல பழக்கம். கழுத்துப் பக்கம் நெஞ்சுக்கறியின் மேல் விளிம்பில் தடவினால் கவண் வடிவில் தட்டுப்படும். முனையால் இரண்டு பக்கமும் ஒட்டிக் கீறி, விரலை மாட்டி இழுத்தால் வந்துவிடும். அது போன பிறகு மார்பெலும்பின் ஓரமாகக் கத்தியை நீளமாக இழுத்தால் நெஞ்சுக்கறி ஒரே துண்டாக, எலும்பில் கறி ஒட்டாமல் கழன்று வரும். தொடையை வெளிப்பக்கமாக மடக்கினால் இடுப்பு மூட்டு தானே வெளியே பிதுங்கும், அந்தக் குமிழைச் சுற்றி அறுத்தால் போதும். எங்கேயும் பலம் தேவைப்படவில்லை என்றால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது குண்டு தேடுவது. கறியில் கருநீலமாகக் கன்றிப்போன இடத்தைப் பாருங்கள். குண்டு உள்ளே போகும்போது இறகையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இறகு நுனி வெளியே தெரியும். முனையால் அந்த வழியைத் திறந்து, இறகை இழுத்தால் பெரும்பாலும் குண்டும் கூடவே வரும். சுற்றியுள்ள கன்றிய கறியையும் தாராளமாக வெட்டி எறிகிறேன். ஈயம் பட்டுச் சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் தங்கும். ஈயக் குண்டால் வேட்டையாடிய கறியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, முக்கியமாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும், பிரிட்டனின் உணவுத்தர அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி அறிவுரை தருகிறது. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கறியைக் கொடுப்பதே இல்லை. எஃகுக் குண்டு பயன்படுத்தும் வேட்டைக்காடுகள் இப்போது கூடி வருகின்றன. பறவை தருகிறவரிடம் எந்தக் குண்டு என்று கேட்டுவிடுவது நல்லது. மஞ்சள் போட்டுக் குழாயடியில் கழுவும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட்டேன். தெறிக்கும் நீரோடு கிருமி அடுப்படி முழுக்கப் பரவும். ஈரமான காகிதத் துண்டால் உள்ளும் புறமும் துடைத்தால் சுத்தமாகிவிடும்.

வழித்தெடுத்த நெஞ்சுக்கறியை மிளகு வறுவலுக்கும், தொடைகளை முழுசாகக் குழம்புக்கும் போடுகிறேன். ஃபெசன்ட்டில் கொழுப்பு குறைவு, நெஞ்சுக்கறி அதிக நேரம் அடுப்பில் இருந்தால் வறண்டுவிடும். தொடைக்கு நேர்மாறு. புளி சேர்க்காமல் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வெந்தால்தான் இளகும், புளியைக் கடைசியில் விட்டுக்கொள்ளலாம்.

இங்கே இருப்பவர்கள் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டப்படி, பூட்டில்லாத, மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தியைத் தவிர வேறு எதையும் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கையில் வைத்திருக்கக் கூடாது. இந்த எட்டு சென்டிமீட்டர் கத்தியும், பூட்டு வளையம் போட்ட ஓப்பினெலும் இந்த விலக்குக்குள் வராது. நண்பர் வீட்டுக்குப் பறவை சுத்தம் செய்யப் போனால் உறையில் போட்டு, டப்பாவில் மூடி, காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன், வேலை முடிந்ததும் நேராக வீடு.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கும் இந்தக் கத்தி உதவும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் காடையையும் கவுதாரியையும் தொடக் கூடாது, தொடவும் வேண்டாம். பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதன் முதுகெலும்பைக் கத்தரியால் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புத்தகம் விரிப்பதுபோல் விரித்து, விலா எலும்புகளை இந்தச் சிறு கத்தியின் முனையால் ஒவ்வொன்றாக வழித்து எடுத்தால், எலும்பில்லாத முழுக் காடை கிடைக்கும். மசாலா உள்ளே வரை இறங்கும். பெரிய கத்தியில் இந்த வேலையை நினைத்தும் பார்க்க முடியாது.

வேலை முடிந்ததும் கத்தியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கையால் கழுவி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே உறைக்குள் போடுகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மற்றப் பாத்திரங்களோடு இடித்து வாய் போய்விடும். பெரிய காட்டு வாத்து வருகிற அன்றைக்கு மட்டும் எட்டு சென்டிமீட்டர் போதவில்லை. வாத்தின் மார்பு நீளம் அதிகம், தோலுக்கடியில் கொழுப்பும் உண்டு. அதே வகையில் பத்து சென்டிமீட்டர் அலகுள்ளது ஒன்று இருக்கிறது, விலையும் ஏறக்குறைய அதேதான். வாத்து அதிகம் வரும் நீர்நிலைப் பக்கம் இருக்கிறவர்கள் தொடக்கத்திலேயே அதை வாங்கிக்கொள்ளலாம்.